சுகந்தி நகர் எட்டு

வேதாசலம் சார் எட்டை விட்டு வெளியே வர முடியாமல் போன அன்றைக்கு எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. அதனால் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தோமே தவிர, பூங்காவில் ஒரு மனுஷன் விடிந்ததிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார் என்பதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பூங்கா நடக்கத்தானே இருக்கிறது! இன்றைக்கும் எங்கள் நகரில் யாரையாவது பிடித்து அது என்றைக்கு நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், மஞ்சத் தண்ணி வந்துச்சே, அன்னிக்கு என்றுதான் சொல்வார்கள்.

மனை பிரித்து விற்றவர் தன் மகள் பெயரை வைத்ததால் இது சுகந்தி நகர். அந்தச் சுகந்தியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் பைபாஸ், நடுவில் பத்திரமும் பட்டாவும் வாங்கி, வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்ததைச் செங்கல்லில் போட்டுவிட்டு, அதற்குள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மூட்டு வலியுமாக உட்கார்ந்திருக்கிற நாங்கள். எங்களுக்கென்று பொதுவாக இருந்தது அந்தப் பூங்கா ஒன்றுதான். அதில் ஒரு சறுக்கு மரம், துருப்பிடித்த ஊஞ்சல், நாலைந்து சிமெண்டு பெஞ்சு, நடுவில் எட்டு. எட்டு என்றால் தமிழ் எண்ணெல்லாம் இல்லை, இங்கிலீஷ் எட்டு, தரையில் பெரிசாகப் படுக்க வைத்து, கூழாங்கல் பதித்து, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்கிற பாதை. அதில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை இறங்கும், வாயு கலையும், தூக்கம் வரும் என்று, கேட்டுக்குப் பக்கத்தில் அருகம்புல் ஜூஸ் விற்கிற யோகா மாஸ்டர்தான் சொல்லி, அவரே கூட நின்று போட வைத்தார்.

போட்ட அன்றே அவர் ஒன்று சொன்னார். "பாதி நேரம் இந்தப் பக்கமா நடக்கணும், பாதி நேரம் திரும்பி அந்தப் பக்கமா நடக்கணும். சுத்துன சுத்தை அவுத்துட்டுதான் வீட்டுக்குப் போகணும்." நாங்களும் அப்படித்தான் நடந்தோம். ஆனால் எட்டில் ஒருத்தர் திரும்பினால் என்ன ஆகும்? எதிரே வருகிறவர் மூஞ்சியைப் பார்த்தாக வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை, சுற்றுக்குச் சுற்று பார்த்தாக வேண்டும். ராஜமாணிக்கம் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் பிச்சாண்டி வீட்டு கேட் முன்னால் போய்த் தேங்குகிறது என்று அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்த சமயம். இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு, இரண்டு பேரையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். "விடிஞ்சும் விடியாம இந்த மூஞ்சியில முழிச்சா அன்னிக்குப் பொழுது வெளங்குமா?" என்று ஒருத்தர் காறித் துப்ப, அது தன்னைப் பார்த்துத் துப்பியது என்று இன்னொருத்தர் கையை ஓங்க, நலச் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி இருவருக்கும் நடுவில் புகுந்து சட்டைப் பித்தானைப் பறிகொடுத்தார். அடுத்த வாரமே எட்டு முழுக்க மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டாகிவிட்டது. எல்லோரும் ஒரே பக்கம் நடக்க வேண்டும், எதிர்த் திசையில் நடக்கக் கூடாது என்று போர்டும் வைத்தாகிவிட்டது. அதன் பிறகு யாரும் யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்லை, முதுகைப் பார்த்தால் போதும். யோகா மாஸ்டர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "உங்க எட்டை உங்க வீட்டுல போட்டுக்குங்க மாஸ்டர்" என்று தெய்வசிகாமணி அனுப்பிவிட்டார்.

அம்புக்குறியை யார் மதித்தார்கள் என்கிறீர்கள்? யாரும் மதிக்கவில்லை. செயலாளர் தலை மறைந்தால் திரும்பி நடப்போம், பாதியில் போன் வந்தால் புல்லில் இறங்கி நிற்போம், கால் வலித்தால் குறுக்கே வெட்டிப் போவோம். மதித்தவர் வேதாசலம் சார் ஒருத்தர்தான். மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். சிவப்பு விழுந்தால் வீடே எரிந்தாலும் நிற்பார், பச்சை விழுந்தால் புறப்படுவார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். அம்புக்குறி போட்ட நாளிலிருந்து அவர் ஒரு அடியைக்கூட எதிர்ப் பக்கம் வைக்கவில்லை. சுற்றினது சுற்றினபடியே சேர்ந்துபோய், மஞ்சள் தண்ணீர் வந்த அன்றைக்கு இறுகிவிட்டது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

செங்கமலம்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவர் சம்சாரம், என் பக்கத்து வீடு, ரவிக்கை தைப்பாள், எனக்குத் தங்கை முறை மாதிரி. இட்லி ஆறிப் போகிறதே என்று கூப்பிட வந்தவள் கேட்டில் நின்று, "ஏங்க, போதும் வாங்க" என்றாள். அவர் வந்தார், வாசல் பக்கம் வரைக்கும் வந்தார், புல்லில் காலை வைக்கப் போனவர் அப்படியே மேல் சுற்றுக்குத் திரும்பிவிட்டார்.

"இறங்க வரல கமலம்" என்றார் அடுத்த சுற்றில்.

"என்ன விளையாட்டு இது?"

"நான் எங்கே விளையாடுறேன்? காலு கேக்க மாட்டேங்குது."

ராஜமாணிக்கமும் இன்னும் சிலரும் சேர்ந்து அவரை இடுப்போடு கட்டித் தூக்கினார்கள். தூக்கின பிறகும் கால் இரண்டும் அந்தரத்தில் நடந்துகொண்டே இருந்தன, புல்லில் விட்டதும் அவரையும் இழுத்துக்கொண்டு பாதைக்கே போய்விட்டன. கயிறு போட்டுப் பார்த்தார்கள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வரவே, ஐயோ விடுங்கடா பாவிகளா என்று செங்கமலம் அலறினாள், விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து கூடவே நடந்தபடி நாடி பார்த்து, எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் என்ன, பழகிக்கொண்டோம். மனுஷருக்குப் பழகாதது ஒன்று உண்டா? செங்கமலம் இட்லியை உருட்டி உருட்டி வாயில் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். சலூன் கடைக்காரர் நடந்துகொண்டே முகம் மழித்துவிட்டார், முதல் நாள் கொஞ்சம் கீறல் விழுந்தது, அப்புறம் கை பதம் வந்துவிட்டது. பென்ஷன் ஆபீஸிலிருந்து உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வந்த பையன் விரல் ரேகை மெஷினை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, வேர்த்து விறுவிறுத்து, உயிரோடுதான் இருக்கிறார் என்று பதிந்துவிட்டுப் போனான். மழை வந்தால் குடை, வெயில் வந்தால் தொப்பி. தூக்கம் வந்தால் அவர் நடந்தபடியே கண்ணை மூடிக்கொள்வார், செங்கமலம் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள். மற்றதெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள். அதற்கும் அவள்தான் சேலையை மறைப்பாகப் பிடித்தாள். டிவிக்காரர்கள் கேமராவோடு வந்தபோது, இங்கே ஒருத்தர் நடக்கிறார், அதிலென்ன செய்தி என்று தெய்வசிகாமணி கேட்டைப் பூட்டிவிட்டார். மனை விலை இறங்கிவிடும் என்ற பயம் அவருக்கு.

இப்போது என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெயர் சௌந்தரம். மகன் கத்தாரில், மருமகளும் அங்கேயே, வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. சர்க்கரையில் இடது கால் பெருவிரல் புண்ணாகி, ஆறாமல் கறுத்து, மோப்பம் பிடித்துப் பூனை வருகிற நிலைமைக்குப் போய்விட்டது. எடுத்துவிடலாம், விட்டால் மேலே ஏறும், அப்புறம் முழங்கால் வரைக்கும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளை போனில், "பார்த்துக்கம்மா" என்றான். பார்த்துக்கொண்டது செங்கமலம். தினம் காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "விரல் எப்படிக்கா இருக்கு?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெந்நீரோடு வந்துவிடுவாள். என் காலைத் தன் மடியில் வைத்து, மூக்கைச் சுளிக்காமல் கழுவித் துடைத்துக் கட்டுப் போடுவாள். புருஷன் எட்டில் மாட்டிக்கொண்ட பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் அவளுக்கு ஜுரம். எனக்கு மனசு கேட்கவில்லை, காபியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அவர் பின்னால் நான் நடந்தேன். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தால் சீழ் இல்லை. மறுநாளும் நடந்தேன், ஓரத்தில் தோல் சிவந்தது. அந்த வாரமே புதுத் தோல் வந்துவிட்டது. பிச்சாண்டி சம்சாரத்திடம் சொன்னேன், அவள் மூட்டு வலிக்கு நடந்து பார்த்தாள், மாடிப்படி ஏறினாள். அதற்கப்புறம் சொல்லவா வேண்டும்! அவர் பின்னால் நடந்தால் இறங்குகிறது, சும்மா நடந்தால் இறங்குவதில்லை. சர்க்கரை, கொதிப்பு, இடுப்பு வலி, தலைசுற்றல், எல்லாம் அவர் முதுகைப் பார்த்து நடந்தவர்களுக்கு வடிந்து போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் கேட்பார்கள்?

சங்கம் நேரம் ஒதுக்கியது, இந்தத் தெருவுக்குக் காலை, அந்தத் தெருவுக்குச் சாயங்காலம். பாதைக்கு மேலே ஷீட் போட்டார்கள், லைட் போட்டார்கள். வேதாசலம் சாருக்குப் புது வேட்டியும் துண்டும் வாங்கிக் கொடுத்து, நடக்க நடக்கவே பொன்னாடை போர்த்தினார்கள், அது ஒரு சுற்றில் நழுவி விழுந்துவிட்டது. ராஜமாணிக்கமும் பிச்சாண்டியும் ஒருத்தர் முதுகுக்குப் பின் ஒருத்தர் நடந்து நடந்து, கடைசியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் நகர் அவ்வளவு நன்றாக இருந்தது அப்போதுதான்.

அவர் மகள் மேகலாவின் கல்யாணம் முன்பே பேசி வைத்தது. அப்பா இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அந்தப் பெண் அழுததால் பூங்காவிலேயே பந்தல் போட்டோம். சும்மா சொல்லக் கூடாது, நகரே கூடி எடுத்துக் கட்டினோம். வாழை மரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, எட்டின் ஓரத்தில் மணமேடை. அவர் ஒரு சுற்றில் தேங்காய் வெற்றிலையைத் தொட்டுக் கொடுத்தார், அடுத்த சுற்றில் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார், அதற்கடுத்த சுற்றில் செங்கமலம் தண்ணீரைத் தாரையாக ஊற்றுவதற்குள் கடந்து போய்விட்டார், நாயனக்காரர் கெட்டி மேளத்தை இழுத்து இழுத்து வாசித்தார். பெற்றவர்களுக்குப் பாதபூஜை என்று வந்ததும்தான் சிக்கல். நடக்கிற காலை எப்படிக் கழுவுவது? மேகலா கூரைப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சொம்பும் கையுமாகக் குனிந்தபடியே அப்பாவோடு நடந்தாள். ஒரு கால் தரையை விட்டுத் தூக்கும்போது தண்ணீர், அடுத்த கால் தூக்கும்போது மஞ்சள். நாங்கள் கைதட்டினோம். ஒரு சுற்று முடிந்ததும் அவள் நிமிர்ந்து, சொம்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் குதிகாலே இல்லம்மா" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். செங்கமலம் குனிந்து பார்த்தாள். தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி அடிப்பாதம் வழவழவென்று தட்டையாகி, கணுக்காலுக்குக் கீழே ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. உடம்பு முழுக்கவே அவர் குட்டையாகிக்கொண்டு வந்திருக்கிறார், தினம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. வேட்டியை மேலும் மேலும் ஏற்றிக் கட்டிவிட்டவளே அவள்தான், அவளுக்கும் உறைக்கவில்லை.

அன்று பந்திக்குப் பிறகு அவள் அவரோடு நடந்துகொண்டே கேட்டாள், "உங்களுக்கு என்ன வேணும்? வாய விட்டுச் சொல்லுங்க."

"ஒரு தடவ உக்காரணும் கமலம்" என்றார் அவர். "நம்ம வீட்டு வாசப்படியில. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவ்வளவு காலத்தில் அவர் எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

செங்கமலத்துக்கு யோகா மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் அவள் எட்டுக்குள் போய், அம்புக்குறிக்கு எதிராகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் வரிசையாக வர, அவள் எதிரே வந்தாள். "ஏம்மா, இடிக்குது பார்" என்றார்கள். "போர்டைப் பாரும்மா" என்றார்கள். அவள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டு, ஆனால் திரும்பாமல் நடந்தாள். ரவிக்கைத் துணியெல்லாம் வெட்டினது வெட்டினபடி கிடக்க, காலையும் சாயங்காலமும் நடந்தாள். சுற்றுக்கு ஒரு தடவை இருவரும் எதிரெதிரே வருவார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள், அவர் சிரிப்பார். அந்த எட்டில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு முகம் இன்னொரு முகத்தைப் பார்த்தது.

அவர் வேகம் குறைந்தது. முதலில் யாரும் நம்பவில்லை, அப்புறம் பின்னால் நடந்தவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் காலை, நடுக் கூடலில் இருவரும் எதிரெதிரே வந்தபோது, அவர் நின்றார். ஆமாம், நின்றேவிட்டார். செங்கமலத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நின்னுட்டேன் பார்த்தியா" என்றார், கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கிற நேரம்தான், மறுபடியும் கால் கிளம்பிவிட்டது. ஆனால் நின்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் செருப்பு நனைந்திருந்தது. விரல் வாய் பிளந்து, பழைய நாற்றம் அடித்தது.

எனக்கு மட்டுமா? பிச்சாண்டி தலைசுற்றி வாசலில் விழுந்தார். அவர் சம்சாரம் மாடிப்படி நடுவில் உட்கார்ந்துவிட்டாள், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல். தெருவுக்குத் தெரு முனகல் சத்தம். போனது எல்லாம் வீடு தெரிந்து திரும்பி வந்தது. சங்கம் அவசரக் கூட்டம் போட்டது, ஊஞ்சல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். வேதாசலம் சார் பக்கத்திலேயே எட்டில் நடந்துகொண்டிருந்தார், பேசுவது அவர் காதில் விழும். செங்கமலம் நின்றாள், நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"அம்மா, நீங்க தப்பு பண்றீங்கன்னு நாங்க சொல்லல" என்றார் தெய்வசிகாமணி, நன்றாகப் பேசுகிற மனுஷன். "பொதுவா யோசிச்சுப் பாருங்க. சாப்பாடு வருது, துணி வருது, தலைக்கு மேல ஷீட்டு போட்டிருக்கு. அவருக்கு என்ன குறை?"

"அவர் உக்காரணும்ங்க" என்றாள்.

"ரிட்டயர் ஆனவர்தானே, உக்காந்து என்ன பண்ணப் போறார்?" என்று ராஜமாணிக்கம் கேட்க, சிலர் சிரித்தார்கள்.

"தேய்ஞ்சிக்கிட்டு வர்றாருங்க. அப்படியே விட்டா ஒரு நாள் இருக்க மாட்டார். நீங்க எல்லாரும் அவரைத்தான மிதிச்சிக்கிட்டு நடக்கறீங்க?" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. முழங்கால் வரைக்கும் போகும் என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒண்டிக்கட்டை, ஒரு காலை வெட்டிவிட்டால் எனக்கு யார் ஒரு டம்ளர் தண்ணீர் தருவார்கள்? செங்கமலம் தருவாள், தெரியும். புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டால் எவ்வளவு நாள் தருவாள்? எனக்குப் பதில் சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தர்மம் பேசுகிறவர்களை எல்லாம் எனக்குத் தெரியும், அவர்களுக்கு விரல் நன்றாக இருக்கிறது.

"போர்டுல போட்டிருக்கறது எல்லாருக்கும் பொதுதானே செங்கமலம்" என்றேன்.

கூட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் எட்டின் இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பி வேலி வந்தது. நடுக் கூடலுக்குப் பக்கத்தில், பெரிய கோயில் தரிசன வரிசையில் இருக்கிற மாதிரி, ஒரு பக்கமே சுற்றுகிற இரும்புக் கதவை வைத்தார்கள். அம்புக்குறிப் பக்கம் போனால் கிரீச்சென்று திரும்பி வழிவிடும், எதிர்ப் பக்கம் தள்ளினால் அசையாது. செங்கமலம் அதைத் தள்ளிப் பார்த்தாள், தோளால் முட்டிப் பார்த்தாள், ஏறிக் குதிக்கப் பார்த்து விழுந்தாள், பல் உடைந்தது. வேதாசலம் சார் அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "விடு கமலம், விடு" என்று சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு வலி திரும்பவும் வடிந்தது. என் விரல் புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, பச்சைக் குழந்தை விரல் போலப் புதுத் தோல் போர்த்திக்கொண்டது.

அதன் பிறகு செங்கமலம் எங்கள் யாரோடும் பேசவில்லை. அவர் பின்னால் அம்புக்குறிப் பக்கமாக ஒரு அடிகூட வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள், சாப்பாட்டைக்கூட வேலிக்கு வெளியில் நின்றபடி கம்பிக்கு மேலே நீட்டித்தான் கொடுப்பாள். வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து வேலியோரம் போட்டு, தான் உட்காராமல் பக்கத்தில் நிற்பாள். காம்பவுண்டு சுவருக்கு மேலே தலை தெரிவது நின்றது. நானும் போய்ப் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது? அவருக்கோ முழங்கால் வரைக்கும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் நடந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் உயரத்தில், நரைத்த தலையோடு.

மேகலா பிரசவம் முடிந்து, பிள்ளைக்கு நடை வந்த பிறகுதான் அப்பாவைப் பார்க்க வந்தாள். அவளுக்கும் எங்கள்மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாதை நிறைய ஆள். பிள்ளையைப் புல்லில் இறக்கிவிட்டு அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அந்த நேரம் பார்த்து அது வேலிக் கம்பிக்கு அடியில் புகுந்து பாதைக்குள் போய்விட்டது. அதற்கு அம்புக்குறி என்ன தெரியும், போர்டு என்ன தெரியும்? எதிரே, இன்னும் தேய்ந்துபோய், தன் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதலாக ஒரு தாத்தா சிரித்துக்கொண்டு வருகிறார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தத்தக்கா பித்தக்கா என்று எதிர்ப் பக்கமாக நடந்தது. சுற்றும் கதவுக்கு அடியில் குனியாமலே நுழைந்து வந்துவிட்டது.

வேதாசலம் சாரின் நடை தளர்ந்தது. நாங்கள் எல்லோரும் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் முட்டி நின்றோம். பிள்ளை ஒரு அடி வைக்க, அவர் வேகம் ஒரு பிடி குறைந்தது. அது கெக்கெக்கே என்று சிரித்தது. இன்னொரு அடி. என் கால் விரலில் சுருக்கென்று ஒன்று பாய்ந்தது. பின்னால் யாரோ முனகினார்கள், யாரோ, "அந்தப் பிள்ளையப் புடிங்களேன்" என்றார்கள், ஒருத்தரும் அசையவில்லை. அவர் நின்றுவிட்டார். நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூலைப் பார்த்தார். செங்கமலம் ஸ்டூலைத் தூக்கிவிட்டாள். கம்பிக்கு மேலே தூக்கிப் பாதைக்குள் இறக்கப் போகிறாள்.

முன் வரிசையில் இருந்தது நான். போனேன், பிள்ளையைத் தூக்கினேன், நல்ல கனமான பிள்ளை, பவுடர் வாசனை அடித்தது. அதைத் திருப்பி, முகத்தை அம்புக்குறிப் பக்கமாக வைத்து, கீழே இறக்கிவிட்டேன். "அப்படித்தான் போகணும் கண்ணு, அப்படித்தான்" என்று முதுகில் லேசாகத் தட்டினேன். சொன்னால் கேட்கிற பிள்ளை. மஞ்சள் அம்புக்குறி ஒவ்வொன்றையும் மிதித்து மிதித்து, குதித்துக்கொண்டு போனது.

அவர் கால் கிளம்பிவிட்டது. எங்கள் வரிசையும் நகர்ந்தது.

மேகலா ஓடி வந்து வேலியைத் தாண்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, என் முகத்தில் காறித் துப்பிவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். போகட்டும். சின்னப் பெண், கோபம் இருக்கும். துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், காம்பவுண்டு சுவருக்கு மேலே செங்கமலத்தின் தலை தெரிந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு! முன்பல் இல்லாத வாய், எண்ணெய் காணாத தலை. முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. குத்தலும் இல்லை. பழைய குரலேதான், வெந்நீர் கொண்டு வரட்டுமா என்று கேட்கிற அதே குரல்.

"விரல் எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

இந்தத் தடவை பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.